இலக்கம் திரும்பாத நான்கிலக்க எண்களில் 6ஆல் வகுபடுபவை: விடை ஏன் 756 இல்லை?

கேள்வி இதுதான்: எந்த இலக்கமும் இரண்டு முறை வராத நான்கிலக்க எண்கள் மொத்தம் 4536. அவற்றில் 6ஆல் வகுபடுபவை எத்தனை? 4536ஐ 6ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் 756 வருகிறது. விடைக்குறிப்போ 784 என்கிறது. எது சரி?

784தான் சரி. 756 என்பது மீதியில்லாமல் வந்து ஆளை ஏமாற்றும் எண். "ஆறில் ஒன்று 6ஆல் வகுபடும்" என்பது எண்கள் இடைவெளியில்லாமல் வரிசையாக நிற்கும்போது மட்டும் உண்மை. 1000 முதல் 9999 வரை 9000 எண்கள் அப்படி நிற்கின்றன; அவற்றில் 6இன் மடங்குகள் சரியாக 1500. இலக்கம் திரும்பக்கூடாது என்றதும் அந்த வரிசையில் கிட்டத்தட்ட பாதி விழுந்துவிடுகிறது. விழுவது சீராக விழுவதில்லை. சில மீதிகளில் அதிகம் விழும், சிலவற்றில் குறைவாக விழும். அதனால் வகுத்துப் பார்த்து விடை சொல்ல வழியில்லை, எண்ணித்தான் ஆகவேண்டும்.

எண்ணுவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நிபந்தனை எண்ணின் எந்த இடத்தைப் பிடிக்கிறது? 2, 5, 10 ஒன்றாம் இடத்தைப் பிடிக்கின்றன. 4, 25 கடைசி இரண்டு இடங்களை, 8 கடைசி மூன்றை. 3உம் 9உம் எந்த இடத்தையும் பிடிப்பதில்லை. எல்லா இலக்கங்களின் கூட்டலைப் பிடிக்கின்றன. 11 ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள இடங்களின் கூட்டல்களைப் பிடிக்கிறது. 7 எதையும் வெளிப்படையாகப் பிடிப்பதில்லை, அதற்கு வேறு வழி உண்டு. "முதல் இலக்கம் 0 ஆகக்கூடாது" என்பதும் ஒரு நிபந்தனைதான். அது ஆயிரமாம் இடத்தைப் பிடிக்கிறது, பலர் மறப்பதும் அதைத்தான்.

பிடி எங்கே இறுகலாக இருக்கிறதோ அங்கிருந்து நிரப்பத் தொடங்கவேண்டும். இரட்டைப்படை எண்களை எடுத்துக்கொள்வோம். பழக்கதோஷத்தில் இடமிருந்து தொடங்கினால் ஆயிரமாம் இடம் 9 வழி, நூறாம் இடம் 9, பத்தாம் இடம் 8 என்று போய் ஒன்றாம் இடத்தில் மாட்டிக்கொள்வோம். முன்னால் எத்தனை இரட்டை இலக்கங்கள் செலவாயின என்று தெரியாமல் அங்கே எந்த எண்ணை எழுதுவது? ஆகவே ஒன்றாம் இடத்தை முதலில் போடுங்கள். போட்டதும் இன்னொன்று கண்ணில் படும்: கடைசியில் 0 இருந்தால் ஆயிரமாம் இடத்தில் கவலை இல்லை; 2, 4, 6, 8 இருந்தால் 0 இன்னும் கையில் இருக்கிறது, அதை முன்னால் வைக்கக்கூடாது. இரண்டையும் ஒரே பெருக்கலில் அடக்க முடியாது, பிரித்துத்தான் எண்ணவேண்டும். கடைசி 0: 9×8×7 = 504. கடைசி 2, 4, 6, 8இல் ஒன்று: ஒவ்வொன்றுக்கும் ஆயிரமாம் இடம் 8 வழி (0உம் கூடாது, கடைசியில் போட்டதும் கூடாது), நூறாம் இடம் 8, பத்தாம் இடம் 7, அதாவது 448, நான்குக்கும் 1792. மொத்தம் 2296. 4536இல் பாதி 2268தான். 28 கூடுதலாக வருவது 0ஆல்: அது கடைசியில் உட்கார்ந்தால் 504 வழி தருகிறது, மற்ற இலக்கங்கள் 448தான் தருகின்றன.

5ஆல் வகுபடுபவைக்கும் அதே கணக்கு: 504 + 448 = 952.

4க்கு வந்தால் பிடி கடைசி இரண்டு இடங்களில். 00, 04, 08 என்று 96 வரை 25 முடிவுகள். அவற்றில் 00, 44, 88 மூன்றும் இலக்கம் திரும்புவதால் போய்விடும், மீதி 22. இந்த 22ஐயும் 0 உள்ளவை, இல்லாதவை என்று பிரியுங்கள். 04, 08, 20, 40, 60, 80 ஆறிலும் 0 செலவாகிவிட்டது: முன்னால் 8×7 = 56 வழி, ஆக 336. மற்ற 16 முடிவுகளில் 0 இன்னும் கையில்: ஆயிரமாம் இடம் 7, நூறாம் இடமும் 7, அதாவது 49 வழி, ஆக 784. மொத்தம் 1120. (இங்கே வரும் 784க்கும் நம் கேள்வியின் 784க்கும் உறவில்லை, தற்செயல்.) நான்கில் ஒரு பங்கு 1134 ஆக, இங்கே விடை அதைவிடக் குறைவு. ஆக, "இலக்கம் திரும்பாவிட்டால் எப்போதும் கூடும்" என்று பொதுவிதி எழுதிவைக்கவும் முடியாது.

இனி 3. இங்கே இடத்தை நிரப்புவதால் பயனில்லை. இலக்கங்களை 3ஆல் வகுத்த மீதிப்படி மூன்று குழுவாக்குங்கள்: மீதி 0 குழுவில் 0, 3, 6, 9, மீதி 1 குழுவில் 1, 4, 7, மீதி 2 குழுவில் 2, 5, 8. நான்கு, மூன்று, மூன்று. கூட்டல் 3இன் மடங்காக வரவேண்டுமானால், மீதி 1 குழுவிலிருந்து எடுத்த எண்ணிக்கையும் மீதி 2 குழுவிலிருந்து எடுத்த எண்ணிக்கையும் சமமாகவோ 3 வித்தியாசத்திலோ இருக்கவேண்டும். நான்கு இலக்கத் தொகுப்புகள் அப்போது இவ்வளவுதான்: மீதி 0 குழுவின் நான்கும் (1 தொகுப்பு); அதில் இரண்டு, மற்ற இரு குழுக்களில் ஒவ்வொன்று (6×3×3 = 54); மற்ற இரு குழுக்களில் இரண்டிரண்டு (3×3 = 9); மீதி 0இல் ஒன்றும் மீதி 1இல் மூன்றும் (4); மீதி 0இல் ஒன்றும் மீதி 2இல் மூன்றும் (4). ஆக 72 தொகுப்புகள். 0 இருக்கும் தொகுப்புகள் 1 + 27 + 1 + 1 = 30; இல்லாதவை 42. 0 இல்லாவிட்டால் 24 விதமாக அடுக்கலாம். 0 இருந்தால் அது முன்னால் நிற்கும் 6ஐக் கழித்து 18. ஆக 30×18 + 42×24 = 540 + 1008 = 1548. மூன்றில் ஒரு பங்கு 1512.

6க்கு இரண்டு பிடிகளும் சேர்ந்து வருகின்றன. மாணவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். 1548இல் பாதி 774 என்றோ, 2296இல் மூன்றில் ஒன்று 765 என்றோ எழுதுவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராததிலேயே இரண்டையும் நம்பக்கூடாது என்று தெரிகிறது. இறுகலான பிடி ஒன்றாம் இடத்தில். அதை முதலில் போட்டுவிட்டு, மீதி மூன்று இலக்கங்களைக் குழு வாரியாக எடுக்கலாம்.

கடைசி 0: குழுக்கள் இப்போது மூன்று, மூன்று, மூன்று. மீதமுள்ள மூன்றின் கூட்டல் 3இன் மடங்காக வேண்டும். ஒரே குழுவின் மூன்றையும் எடுக்கலாம் (3 தொகுப்புகள்), அல்லது குழுவுக்கு ஒன்று (27). 30 தொகுப்புகள், ஒவ்வொன்றும் 6 விதம்: 180.

கடைசி 6: மீண்டும் மூன்று, மூன்று, மூன்று, அதே 30 தொகுப்புகள். ஆனால் 0 இப்போது உள்ளே. 0 உள்ள தொகுப்புகள் 10, அவற்றை 4 விதமாகத்தான் அடுக்கலாம். மற்ற 20ஐ 6 விதமாக. 40 + 120 = 160.

கடைசி 4: மீதமுள்ள மூன்றின் கூட்டலை 3ஆல் வகுத்தால் மீதி 2 வரவேண்டும். கையில் இருப்பவை 0, 3, 6, 9, 1, 7, 2, 5, 8. மீதி 0இல் இரண்டும் மீதி 2இல் ஒன்றும் (18), மீதி 0இல் ஒன்றும் மீதி 1இன் இரண்டும் (4), மீதி 1இல் ஒன்றும் மீதி 2இல் இரண்டும் (6): 28 தொகுப்புகள். 0 உள்ளவை 9 + 1 = 10, இல்லாதவை 18. 40 + 108 = 148.

கடைசி 2, கடைசி 8: மீதி 1, மீதி 2 குழுக்கள் இடம் மாறுகின்றன, கணக்கு மாறாது. ஒவ்வொன்றும் 148.

180 + 160 + 148 + 148 + 148 = 784.

சரிபார்க்க, ஒற்றைப்படை முடிவுகளையும் இதே வழியில் எண்ணுங்கள். 3இலும் 9இலும் முடிபவை தலா 160, 1, 5, 7இல் முடிபவை தலா 148, சேர்த்தால் 764. 784 + 764 = 1548, முன்பு தனி வழியில் வந்த அதே எண். இப்படி இரண்டு வழிகள் ஒரே இடத்தில் சந்திக்காத வரை இந்த மாதிரிக் கணக்கில் விடையை அடிக்கோடிடாதீர்கள். சின்ன வடிவத்தில் சோதிப்பதும் நல்லது: இலக்கம் திரும்பாத ஈரிலக்க எண்களில் 6இன் மடங்குகள் 12 முதல் 96 வரை 15, அதில் 66 போக 14. நம் வழியில் கடைசி 0க்கு 3, கடைசி 6க்கு 2, மற்ற மூன்றுக்கும் மும்மூன்று: 14. பொருந்துகிறது.

756ஐவிட 28 கூடுதலாக ஏன் வந்தது என்பதும் இதிலேயே தெரிகிறது. கடைசியில் 0 வைத்த 504இல் மூன்றில் ஒன்று 168, வந்ததோ 180. மூன்று, மூன்று, மூன்று என்ற குழுக்களிலிருந்து மூன்று இலக்கம் எடுக்க 84 வழி. கூட்டலின் மீதி 1 தருபவை 27, மீதி 2 தருபவை 27, மீதி 0 தருபவை மட்டும் 30. ஒரே குழுவின் மூன்றையும் அள்ளினால் கூட்டல் எப்போதும் 3இன் மடங்கு. அந்த மூன்று தொகுப்புகள்தான் தராசைச் சாய்க்கின்றன. இரட்டைப்படைப் பக்கம் ஏற்கெனவே 28 கூடுதல் என்பது இன்னொரு பங்கு.

"3ஆல் அல்லது 5ஆல்" என்று கேட்டால் இரண்டையும் கூட்டி, 15ஆல் வகுபடுபவற்றைக் கழிக்கவேண்டும். 0இலும் 5இலும் முடியும் 3இன் மடங்குகள் மேலேயே இருக்கின்றன: 180 + 148 = 328. ஆக 1548 + 952 − 328 = 2172; இரண்டாலும் வகுபடாதவை 2364. கழிக்கும்போது பெருக்கலை அல்ல, மீச்சிறு பொது மடங்கை எடுக்கவேண்டும். 1 முதல் 1000 வரை 4ஆல் அல்லது 6ஆல் வகுபடுபவை 250 + 166 − 83 = 333. கழித்தது 12இன் மடங்குகளை. 24ஐ எடுத்தவருக்கு 375 வரும். 3க்கும் 5க்கும் பொதுக்காரணி இல்லாததால் அங்கே இந்தத் தவறு வெளியே தெரியாது, 4உம் 6உம் வரும்போது காலை வாரும்.

11க்கு இலக்கம் திரும்பாத நிபந்தனை நல்ல துணை. 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரு முறை வரும் ஒன்பதிலக்க எண்கள் 362880. அவற்றில் 11ஆல் வகுபடுபவை? இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் இடங்களின் கூட்டலை இ என்போம். மொத்தக் கூட்டல் 45, ஆகவே மற்ற ஐந்து இடங்களின் கூட்டல் 45 − இ. வித்தியாசம் 45 − 2இ, 11இன் மடங்காக வேண்டும். நான்கு இலக்கக் கூட்டல் 10க்கும் 30க்கும் இடையில்தான் இருக்கும். அதில் 17உம் 28உம் மட்டும் தேறும். கூட்டல் 17 வரும் நான்கு இலக்கத் தொகுப்புகள் ஒன்பது: 1259, 1268, 1349, 1358, 1367, 1457, 2348, 2357, 2456. கூட்டல் 28க்கு 4789, 5689 இரண்டே. ஒவ்வொரு தொகுப்பையும் தன் இடங்களில் 24 விதமாகவும் மற்ற ஐந்தை 120 விதமாகவும் அடுக்கலாம்: 11×24×120 = 31680. இங்கே தவறுவது பெரும்பாலும் தொகுப்பு எழுதும்போதுதான். சிறிய இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவரிசையில் எழுதினால் ஒன்றும் விடுபடாது.

7ஐ ஒதுக்கிவைத்தேன். வகுப்பில் விளையாடும் ஒரு விளையாட்டு: ஒவ்வொருவராக 1, 2, 3 என்று சொல்லிக்கொண்டு போகவேண்டும், 7இன் மடங்கு வந்தாலோ எண்ணில் 7 இருந்தாலோ சொல்லாமல் கைதட்டவேண்டும். 999 வரை போனால் எத்தனை கைதட்டல்? 7இன் மடங்குகள் 142. 7 இருக்கும் எண்கள் 1000 − 729 = 271. இரண்டும் சேர்ந்தவை எத்தனை என்பதுதான் சிக்கல்.

7 இல்லாத இலக்கங்கள் ஒன்பது: 0, 1, 2, 3, 4, 5, 6, 8, 9. 7ஆல் வகுத்த மீதிப்படி 0 முதல் 6 வரை ஒவ்வொரு மீதிக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது. அதன்மேல் 8 மீதி 1க்கும், 9 மீதி 2க்கும் உபரி. 0 முதல் 6 வரையுள்ள இலக்கம் ஏதாவது ஓர் இடத்தில் இருந்தால், மற்ற இரண்டு இடங்களில் என்ன இருந்தாலும், அந்த இடத்தில் ஏழு இலக்கங்களையும் மாற்றி மாற்றிப் போடும்போது ஏழு மீதிகளும் தலா ஒரு முறை வரும். ஆக அவை சமமாகப் பங்கிடப்படுகின்றன. சமமாகாதவை மூன்று இடங்களிலும் 8 அல்லது 9 உள்ள எட்டு எண்கள் மட்டும். 729 − 8 = 721; 721ஐ 7ஆல் வகுத்தால் 103. அந்த எட்டில் 7ஆல் வகுபடுவது எது? 888, 889, 898, 899, 988, 989, 998, 999 ஆகியவற்றில் 889 மட்டும் (7×127). ஆக 104, அதில் 000 போனால் 103. 7 இல்லாத 7இன் மடங்குகள் 103 என்றால் 7 உள்ளவை 39. கைதட்டல் 142 + 271 − 39 = 374. இடம்பிடிக்காத வகுத்திக்குச் சமமாகப் பங்கிடப்படும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சிய துண்டை மட்டும் கையால் எண்ணுவது என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே அழகான வேலை.

நிபந்தனைகள் ஏராளமாகக் குவிந்தால் எண்ணுவது தேடுவதாக மாறும். 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரு முறை. முதல் இரண்டு இலக்கம் 2ஆல், முதல் மூன்று 3ஆல், இப்படி ஒன்பதும் 9ஆல் வகுபடவேண்டும். 362880இல் எத்தனை தேறும்? ஐந்தாம் இடம் 5. இரட்டை இடங்களில் இரட்டை இலக்கங்கள், எனவே ஒற்றை இடங்களில் 1, 3, 7, 9. மூன்றாம் இடம் ஒற்றை என்பதால் நான்காம் இடம் 2 அல்லது 6தான். ஏழாம் இடம் ஒற்றை, ஆறாம் இடம் இரட்டை என்பதால் எட்டாம் இடமும் 2 அல்லது 6. நான்கு, ஐந்து, ஆறாம் இடங்களின் கூட்டல் 3இன் மடங்காக வேண்டும்: 258 அல்லது 654. முதலாவதில் 1472589, 7412589 என்ற இரண்டு தொடக்கங்கள்தான் எஞ்சும். இரண்டாவதில் எட்டு: 1896543, 9816543, 7896543, 9876543, 1836547, 3816547, 1896547, 9816547. இந்தப் பத்தையும் 7ஆல் வகுத்தால் 3816547 மட்டும் மீதியில்லாமல் போகும். விடை ஒன்றே ஒன்று: 381654729. 7ஐக் கடைசிக்கு வைத்ததைக் கவனியுங்கள். அதைத் தொடக்கத்திலேயே கையிலெடுத்திருந்தால் நூற்றுக்கணக்கான வகுத்தல்கள்.

எல்லை 9999 போல முழுமையாக இல்லாவிட்டால் முன்னொட்டுப்படி, அதாவது தொடக்க இலக்கங்கள் வாரியாக, இறங்குங்கள். 5283 வரை இலக்கம் திரும்பாத நான்கிலக்க எண்கள்: முதல் இலக்கம் 1 முதல் 4 என்றால் 4×9×8×7 = 2016. முதல் 5, அடுத்தது 0 அல்லது 1: 2×8×7 = 112. 52இல் தொடங்கி அடுத்தது 8க்குக் கீழே: 0, 1, 3, 4, 6, 7 ஆகிய ஆறு, ஆக 42. 528இல் தொடங்கி: 5280, 5281, 5283 என்று 3. மொத்தம் 2173. கடைசிப் படியில் எல்லை எண்ணையே விட்டுவிடுவதும், ஏற்கெனவே செலவான 2ஐயும் 5ஐயும் மறந்து எட்டு வழி என்று போடுவதும் வழக்கமான பிழைகள்.

நான்கு, ஐந்து இலக்கம் வரை பைத்தான் நிரல்மொழியில் ஒரு சுற்று ஓட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வரும். கையால் போட்டதைச் சரிபார்க்க அது போதும். பதினெட்டு இலக்க எல்லை என்றால் ஒவ்வொன்றாக ஓட்ட முடியாது. இதே முன்னொட்டு வழியை நிரலாக்கவேண்டும்: எத்தனையாவது இடம், இதுவரையுள்ள மீதி, எல்லையை ஒட்டியே வருகிறோமா இல்லையா, எண் தொடங்கிவிட்டதா இல்லையா என்ற நான்கையும் நினைவில் வைத்து ஒவ்வொரு நிலைக்கும் ஒரு முறை மட்டும் கணக்கிடுவது. இலக்கம் திரும்பக்கூடாது என்றால் எவை செலவாயின என்ற பட்டியலும் வேண்டும், அதற்கு 1024 நிலைகள். "எண் தொடங்கிவிட்டதா" என்பதை விட்டுவிட்டால் 0075 போன்றவற்றில் முன்னால் நிற்கும் சுழியங்களையும் நிரல் இலக்கமாக எண்ணி, 75ஐ "0 இரண்டு முறை வந்தது" என்று தள்ளிவிடும்.